ஸ்டிக்கர் உரிக்காத மெஷின்

பதினோராயிரத்து நானூற்று அறுபது. இவ்வளவு பெரிய கடன் தன் தலையில் ஏறியிருக்கிறது என்று டேப்பக்காவுக்குத் தெரிய வந்தபோது அவள் கையில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு இருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கர் அவள் கட்டைவிரல் நகத்தில் சுருண்டு கிடந்தது.

அந்தப் பரிசுப் பொருள் கடையின் கீழ்த்தளத்தில் பொதி மேசைக்கு அவள்தான் பொறுப்பு. மேலே ஆட்கள் வாங்கும் சாமான் சறுக்குப் பலகை வழியாகக் கீழே இறங்கும். கை வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். பிறகு வண்ணத்தாள், பிறகு டேப்பு. கடைசியில்தான் கூட வந்த சீட்டைப் படித்து, மேலே ஒட்டும் அட்டையில் யாருக்கு, யார் கொடுப்பது என்று எழுத வேண்டும். ஏழு வருஷமாக நாளைக்கு நூறு பெட்டி வீதம் இப்படியே கட்டியதில், கண் வேறெங்கோ இருந்தாலும் கை தானே உரித்துவிடும். இடது மணிக்கட்டில் எப்போதும் நாலைந்து டேப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு தின்னும்போதும் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அன்று இறங்கியது நாற்பத்தெட்டு உருப்படி கொண்ட சாப்பாட்டுத் தட்டு செட். பூப்போட்ட பீங்கான். பெட்டி மேல் ஒரு கரண்டி செட்டையும் சேர்த்துக் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டிலும் ஸ்டிக்கரை உரித்துத் துடைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்ததும் சீட்டு நழுவி விழுந்தது. எடுத்துப் படித்தாள். 'தட்டு செட் 11,200. கரண்டி 260. பற்று: பொதி மேசை டேப்பக்கா. சம்பளத்தில் பிடித்தம், ஆறு மாதம்.'

அவள் இரண்டாம் தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டையும் கூட்டினால் பதினோராயிரத்து நானூற்று அறுபது. அந்த எண்ணை அவள் எட்டு வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் எதிரே ரிப்பன் முடிச்சுப் போடுகிறவள்.

"எனக்குத் தெரியாம நான் தட்டு செட்டு வாங்கியிருக்கேன்."

ரிப்பன்காரி சீட்டை வாங்கிப் பார்த்தாள். "கொடுத்து வச்சவ. எனக்கெல்லாம் யாரு இப்படி வாங்கித் தர்றா?" என்று சிரித்தவள், டேப்பக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "யாரு வேலைடி இது?"

"வேற யாரு. எங்க நாத்தனார்தான். பொண்ணுக்கு வர்ற வாரம் கல்யாணம்ல. நாங்க என்ன செய்யப் போறோம்னு ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பார்த்துச் செய்யறோம் அண்ணின்னு சொன்னேன். பார்க்கற வேலையை அவங்களே பார்த்துட்டாங்க."

"அதென்ன தட்டோட ஒரு கரண்டி?"

"தட்டு செட்டு கணக்குக்கு எட்டலை. எட்ட வைக்கக் கரண்டி."

"என்ன கணக்கு?"

டேப்பக்கா கைப் பஞ்சைக் கீழே வைத்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி ஏறிக் கல்லாவுக்குப் போனாள்.

கல்லாக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்க நாத்தனார்தான் வந்தாங்க. நீங்க சொல்லி அனுப்பினதாச் சொன்னாங்க. நம்ம இரும்புக் கடை அண்ணனோட வீட்டுக்காரம்மா. நம்பாம இருக்க முடியுமா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே. நான் என்ன வெளியூர்லயா இருக்கேன்?"

"கல்லாவுல கூட்டம். மாசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துதான் பிடிப்போம். தெரியாமலே போயிடும்."

"உங்களுக்குத் தெரியாமப் போயிடும். எனக்குத் தெரியும். திருப்பி எடுத்துக்குங்க."

"ஸ்டிக்கர் இருக்கா?"

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடுதான். "புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் நீங்கதானே சொல்லித் தர்றீங்க. ஸ்டிக்கர் இருக்கற வரைக்கும் கடைச் சரக்கு. உரிச்சுட்டா பரிசு. பரிசைத் திருப்பி எடுக்கறதில்லை. அது முதலாளி விதி, என் விதி இல்லை."

அவள் கீழே இறங்கி வந்து, பெட்டியைப் பொதியாமல் மேசைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டாள். அன்று மீதி நேரமெல்லாம் யார் யாருக்கோ பரிசு கட்டினாள். பரிசு வாங்குகிறவர்களை ஏழு வருஷமாகப் பார்க்கிறாள். முக்கால்வாசிப் பேருக்கு, வாங்கிக்கொள்ளப் போகிறவரின் முகமே நினைவில் இருக்காது. ஐநூறுக்குள் ஏதாவது கொடுங்கள் என்பார்கள். யாருக்கு என்று கேட்டால் மேலதிகாரிக்கு என்பார்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்றால், அது யாருக்குத் தெரியும் என்பார்கள். பிறகு சுவர்க் கடிகாரம் வாங்கிப் போவார்கள். கை மாறித் திரும்பப் பொதிய வந்த ஒரே கடிகாரத்தை மூன்று வருஷத்தில் மூன்று தடவை அவள் பொதிந்திருக்கிறாள். பிரிக்காத பழைய தாளில் அவள் மடிப்பே இருந்தது. மூலையை உள்ளே இரண்டு தடவை மடிப்பவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

ஆனால் நாத்தனார் மகளுக்கு என்ன கொடுப்பது என்று அவள் மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

அந்தப் பெண் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டு. கல்யாணம் முடிவானதும் கடைக்கு வந்து, பொதி மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அத்தை, அந்த வீட்டுல எல்லாரும் பனைமரம். அடுக்களை அலமாரியில மூணாவது தட்டு எனக்கு எட்டவே எட்டாது. உப்பு ஜாடி அங்கதான் இருக்கு. 'என்னைக் கூப்பிடு, எடுத்துத் தரேன்'னு மாமியார் சொல்றாங்க. காலம் பூரா உப்புக்கு ஆள் கூப்பிடணுமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு டேப்பக்காவுக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே அவளைச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, வண்ணத்தாள் சுருளை விரித்து எட்டும் உயரத்தை அளந்து, அந்தத் தட்டு இன்னும் எத்தனை சாண் மேலே என்றும் கேட்டுக் கிழித்து வைத்துக்கொண்டாள். எதுக்கு அத்தை என்றதற்கு, சும்மா என்றாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது தகரக் கூரை இன்னும் சூடு விடவில்லை. அவள் புருஷன் வாசலில் குந்தி அரம் போட்டுக்கொண்டிருந்தான். பற்றவைக்கும் வேலை அவனுக்கு. சன்னல் கம்பி, கதவுச் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூரையிலிருந்து விழுந்து நாலு மாதம் படுத்த படுக்கை. இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பான். சொந்தமாக வெல்டிங் செட் இல்லை. நாள் வாடகைக்கு எடுத்துத்தான் வேலை. அதை வாங்கத்தான் இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறார்கள். பாதிதான் தேறியிருக்கிறது.

அவன் முன்னால் இரண்டு படி வைத்த ஏறு ஸ்டூல் நின்றது. மிச்சக் குழாயில் செய்தது. மடக்கினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். காலுக்கு ரப்பர் குமிழ். ஓரமெல்லாம் வெறுங்காலுக்கு உறுத்தாத மாதிரி அரத்தால் மழுக்கியிருந்தான்.

"ஏறிப் பாரு, ஆடுதா?"

அவள் ஏறவில்லை. சீட்டை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். படித்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தான்.

"அக்கா நல்ல மனசுலதான் பண்ணியிருக்கும்," என்றான் கடைசியில்.

"இருக்கட்டும். அந்த நல்ல மனசுக்கு என் சம்பளம் எதுக்குங்க?"

"சபையில நமக்குக் குறைவா இருக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கும்."

"நமக்கா? தொகையைக் கூட்டிப் பாருங்க."

அவன் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி அறைக்குள் சன்னலடியில் நின்ற தையல் மெஷினைப் பார்த்தான்.

அவன் படுத்துக் கிடந்தபோது அக்கா கொண்டுவந்து இறக்கியது அது. மோட்டார் வைத்தது. "உனக்குத்தாம்மா. பரிசுன்னு வச்சுக்கோ. உக்கார்ந்த இடத்துல நாலு காசு பார்க்கலாம்," என்றாள். அன்று டேப்பக்கா அழுதேவிட்டாள். மெஷினின் கழுத்தடியில் விலை ஸ்டிக்கர் இருந்தது. 11,460. உரிக்கப் போனபோது நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். "உரிச்சுடாதே. கியாரண்டி போயிடும்." கியாரண்டி ஒரு வருஷம்தான். அது முடிந்து ஏழு வருஷமாகிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும் நாத்தனாரின் கண் முதலில் அங்கேதான் போகும். ஒரு தடவை டேப்பக்கா அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். கூட வந்த விருந்தாளிக்குக் காட்ட நாத்தனாரே துணியை எடுத்தாள். "நான் குடுத்தது. விலை பாருங்க, அந்தக் காலத்து விலை."

"அன்னைக்கு அது இல்லைன்னா நாம என்ன ஆகியிருப்போம்?" என்றான் புருஷன் மெதுவாக.

"நான் அதை மறக்கலை. மறக்க விட்டாத்தானே. சரி, நீங்களே சொல்லுங்க. அந்த மெஷின்ல நான் யாருக்குத் தைச்சேன்?"

"தெருவுல நாலு பேருக்குத் தைச்சே."

"அப்புறம்?"

"அக்கா வீட்டுக்கு."

"என்ன தைச்சேன்?"

"தலையணை உறை. மெத்தை உறை. சன்னல் திரை."

"எத்தனை சன்னல்?"

"பதினாலு."

"நிறம் பிடிக்கலைன்னு ரெண்டு தடவை. காசு வாங்கினேனா?"

அவன் கையிலிருந்த சீட்டை மடித்தான்.

"நம்ம வீட்டுக்கு ஒரே ஒரு சன்னல். அதுக்குத் திரை இருக்கான்னு திரும்பிப் பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். சன்னலில் பழைய காலண்டர் அட்டை சொருகியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க," என்றாள். "ஸ்டிக்கர் இருக்கு."

"எட்டு வருஷமா இருக்கே."

"ஸ்டிக்கர் இருக்கற வரைக்கும் கடைச் சரக்கு. திருப்பிக் குடுக்கலாம்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. "அக்காகிட்டயா?"

"பின்னே யார்கிட்ட?"

"மெஷின் போயிட்டா தையல் காசும் போயிடுமே."

"போகட்டும். தெருத் தையல்ல மாசம் முந்நூறு வருமா? இங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரம் போகுது. காசை விடுங்க. ஆறு மாசத்துல இதைக் கட்டி முடிச்சாலும், இந்த மெஷின் இங்கதான் நிக்கும், அந்த ஸ்டிக்கர் அதுலதான் இருக்கும். அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கு மறுபடி இதே தொகை. நான் சாகற வரைக்கும் கட்டுவேன்."

அவன் ரொம்ப நேரம் ஸ்டூலின் ரப்பர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். "தள்ளுவண்டி கேட்டுட்டு வரேன். ஆனா ஒண்ணு. அக்கா முன்னாடி எனக்கு நாக்கு எழும்பாது."

"தள்ளுறது நீங்க. பேசறது நான்."

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். வண்டியில் மெஷின், அதன்மேல் மடக்கின ஸ்டூல். கடைவீதி நெடுக ஏற்றம். வெயில் ஏறுவதற்குள்ளேயே அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சாய்ந்த காலோடு அவன் தள்ள, அவள் பக்கவாட்டில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பரிசுக் கடை வாசலில் நின்று, ரிப்பன்காரியைக் கூப்பிட்டுத் தட்டு செட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

"கல்யாண வீட்டுக்கா, சண்டைக்கா?" என்றாள் ரிப்பன்காரி.

"ரெண்டுக்கும்."

இரும்புக் கடை ஐந்து கடை தள்ளித்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. கூடத்தில் உறவுப் பெண்கள் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்து துணிமணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினாலு சன்னலில் ஆறு அந்தக் கூடத்தில்தான் இருந்தது. ஆறிலும் அவள் தைத்த திரை.

புருஷன் மெஷினையும் தட்டு செட்டையும் கூடத்து நடுவில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றான்.

நாத்தனார் எழுந்து வந்தாள். "என்னது இது? கல்யாண வீட்டுக்குள்ள பழைய மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"திருப்பிக் குடுக்க வந்தோம் அண்ணி."

"என்னத்த?"

"மெஷினை. பாருங்க, ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. பதினோராயிரத்து நானூற்று அறுபது."

கூடத்தில் துணி பிரிக்கிற சத்தம் நின்றது.

"ஓகோ," என்றாள் நாத்தனார். "தட்டு செட்டுக்குக் கோவமா? உங்க மரியாதைக்குத்தானே நான் அலைஞ்சு எடுத்தேன். நாளைக்கு நாலு பேரு, தாய்மாமன் வீட்டுல என்ன செஞ்சாங்கன்னு கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்குவேன். எங்க மரியாதைக்கு நீங்க ஏன் அண்ணி என் சம்பளத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

"அன்னைக்கு என் தம்பி காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடந்தப்போ ஓடி வந்தது யாரு?"

"நீங்க. இன்னைக்கும் அதுக்குக் கும்பிடறேன். நீங்க வந்தது, பக்கத்துல உக்கார்ந்தது, அதுக்கெல்லாம் என்னால திருப்பிச் செய்ய முடியாது. மெஷினுக்கு முடியும். அதான் கொண்டு வந்திருக்கேன்."

"பரிசாக் குடுத்ததை யாராவது திருப்பித் தருவாங்களா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இது பரிசா, கடனா? இத்தனை பேரு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பரிசுன்னா, இப்பவே ஸ்டிக்கரை உரிச்சுட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். தட்டு செட்டு உங்க பொண்ணுக்கு நீங்க வாங்கினது, அதுக்கு நீங்க கட்டிக்குங்க. கடன்னா, மெஷின் இங்கேயே இருக்கட்டும். கடன் தீர்ந்துச்சு. அப்பவும் தட்டு செட்டு உங்களுதுதான்."

"எப்படிப் பார்த்தாலும் தட்டு செட்டு என் தலையிலயா?"

"நீங்க எடுத்தது அண்ணி."

உறவுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "டேய்," என்றாள் தம்பியைப் பார்த்து. "உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கறியே?"

டேப்பக்கா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு நாக்கு எழும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான்க்கா வண்டி தள்ளிட்டு வந்தேன்," என்றான் அவன்.

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் நாத்தனார் தம்பியையே பார்த்தாள். கடைப் பக்கக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன், இரும்புக் கடைக்காரர், மேல்சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் நாத்தனார்.

"அஞ்சு கடை தள்ளி. அந்தக் கணக்கைக் கட்டிட்டு வரேன். கடைவீதியில என் பேரைச் சொல்லி வாங்கினது, நாளைக்கு எவனாவது என் முகத்துக்கு நேரா பேசுவான்."

அவர் போனதும் உள் அறையிலிருந்து சுண்டு வந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். டேப்பக்கா வண்டியிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்து வைத்தாள். வண்ணத்தாள் சுற்றவில்லை. ரிப்பன் இல்லை.

"இது நானும் உன் மாமாவும் குடுக்கறது."

"ஸ்டூலா?" என்றாள் நாத்தனார். "தாய்மாமன் சீர்னு ஒரு ஸ்டூலு. அடுக்களையில ஏறி நிக்க."

"ஆமா அண்ணி. ஏறி நிக்கத்தான். ஏறும்மா."

சுண்டு இரண்டு படியும் ஏறினாள். ஸ்டூல் அசையவில்லை. கையை உயர்த்தினாள். திரை தொங்கிய கம்பியை அவள் விரல் தொட்டது. அந்தக் கம்பியை அவள் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு அளந்தது இதுக்கா அத்தை?"

"மூணாவது தட்டுக்கு மேல அரை முழம் கூடவே எட்டும். உப்புக்கு நீ யாரையும் கூப்பிட வேண்டாம்."

"அம்மா," என்றாள் சுண்டு மேலே நின்றபடியே, "இது என் பெட்டியோட வரும். தட்டு செட்டை விட்டாலும் விடுவேன், இதை விட மாட்டேன்."

"எல்லாரும் ஒண்ணு கூடிட்டீங்க," என்று நாத்தனார் மெத்தையில் உட்கார்ந்தாள்.

இரும்புக் கடைக்காரர் திரும்பி வந்தார். சீட்டின் குறுக்கே கல்லாக்காரர் சிவப்பு மையில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை டேப்பக்காவிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய்விட்டார்.

"சரி அண்ணி. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பரிசா, கடனா?"

நாத்தனார் மெஷினைப் பார்த்தாள், உறவுப் பெண்களைப் பார்த்தாள். பரிசு என்ற ஒரு வார்த்தை அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்திருக்கும். ஆனால் எட்டு வருஷமாகக் கையில் பிடித்திருந்த கயிறு அந்த ஸ்டிக்கர். அத்தனை பேர் பார்க்க விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"வச்சுட்டுப் போ," என்றாள். "எத்தனை நாளைக்குன்னு நானும் பார்க்கறேன். பத்து நாள்ல மெஷின் வேணும்னு நீயே வந்து நிப்பே. அப்ப நான் வேணாம்னா சொல்லப் போறேன்? தம்பி வீடு. குடுத்து அனுப்புவேன்."

ஆக, மெஷின் மறுபடி வரும். ஸ்டிக்கரோடு வரும். டேப்பக்காவுக்கு அது புரிய நேரம் எடுக்கவில்லை.

அவள் இடுப்பில் முடிந்திருந்த சின்னச் சீசாவை எடுத்தாள். உரித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு நப்பாசையில் எடுத்து வந்தது. மூடியைத் திறந்து பஞ்சை நனைத்தாள். மண்ணெண்ணெய் வாசம் கூடத்தில் பரவியது. மெஷின் முன்னால் குந்தினாள். எட்டு வருஷப் பசை, லேசில் விடவில்லை. பஞ்சை வைத்து ஊறவிட்டாள். அவசரப்படாமல் நகத்தை ஒரு மூலையில் கொடுத்தாள். கிழியாமல், ஒரே உரியில் வந்தது. அடியில் வண்ணம் மங்காமல் புத்தம் புதிதாக ஒரு கட்டம். மிச்சப் பசையைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"என்ன பண்றே?" என்றாள் நாத்தனார்.

"உரிச்சுட்டேன் அண்ணி. இனிமே இது உங்களுக்கு எங்க பரிசு." அவள் எழுந்து, நகத்திலிருந்த ஸ்டிக்கரைச் சீட்டின் சிவப்பு மை எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டி மடித்துக்கொண்டாள். "பரிசை நாங்க திருப்பி எடுக்கறதில்லை."

புருஷன் வெறும் வண்டியைத் திருப்பினான். போகும் வழி இறக்கம்.